84 மாடல் புல்லட்ல மதுரை வரைக்கும்: அப்படியே விடுறதா, மாத்துறதா, புதுசு வாங்குறதா?

என் தங்கச்சி மாப்பிள்ளை அவங்க அப்பாவோட 84 மாடல் புல்லட் 350-ஐ அல்சூர் வீட்டு காம்பவுண்டுல இருந்து வெளிய இழுத்து கழுவி வச்சிருக்காரு, சித்திரைத் திருவிழாவுக்கு அதுலயே மதுரை போகணுமாம். பெங்களூர்ல இருந்து மதுரை கிட்டத்தட்ட 435 கிமீ. அவரு கேட்ட மூணு பேரும் மூணு விதமா சொல்லி குழப்பி விட்டுட்டாங்க. ஒருத்தர் ஒரு நட்டைக் கூட மாத்தாதே, கம்பெனி எப்படி குடுத்தானோ அப்படியே ஓட்டுன்னாரு. இன்னொருத்தர் பாயிண்ட், டிரம் பிரேக், 6 வோல்ட் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு புதுசா மாத்துன்னாரு. மூணாவது ஆளு அதை வாசல்ல நிறுத்தி அழகு பாரு, ஊருக்குப் போக புதுசா ஒரு ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 எடுத்துக்கோன்னுட்டாரு. மூணுமே தப்பில்ல, ஆனா மூணுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும்னு அவசியமும் இல்ல. ஒவ்வொரு பார்ட்டுக்கும் பதில் வேற.

நான் பார்க்குறது ஒரே விஷயம். நாப்பது வருஷ வண்டி எங்கயாவது நிக்கத்தான் செய்யும், அதை முதல்ல ஒத்துக்கணும். நின்னா எப்படி நிக்கும்ங்கிறதுதான் கேள்வி. தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாய்ல மதியம் ரெண்டு மணிக்கு அந்த பார்ட் போச்சுன்னா, அது முன்னாடியே முனகி, இழுவை குறைஞ்சு, சத்தம் குடுத்து சொல்லிட்டுப் போகுமா, இல்ல பொட்டுன்னு அணைஞ்சிடுமா? சீட்டுக்குக் கீழ இருக்கிற டூல்ஸ வச்சு ரோட்டோரமா சரி பண்ண முடியுமா? பக்கத்துல இருக்கிற எந்த மெக்கானிக்காவது கை வைப்பாரா? இந்த மூணையும் கேட்டா பாதிப் பிரச்சனைக்கு பதில் தானா வந்துடும்.

வண்டியைப் பத்தி ரெண்டு வார்த்தை, தெரியாதவங்களுக்கு. திருவொற்றியூர்ல செஞ்ச அந்த காஸ்ட் அயர்ன் எஞ்சின் 346 சிசி, போர் (சிலிண்டர் விட்டம்) 70 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) 90 மிமீ, பவர் சுமார் 18 குதிரை. எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி, கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. ஆயில் டேங்க் தனியா கிடையாது, கிராங்க் கேஸுக்குள்ளயே ஒரு அறைல இருக்கும், அங்கருந்து பம்ப் எடுத்து அனுப்பி இன்னொரு பம்ப் திருப்பிக் கொண்டு வரும். நீளமான ஸ்ட்ரோக், சூடு மெதுவா இறங்குற இரும்பு பேரல், அதனால இது 65, 70ல நாள் முழுக்க போகும், 90ல அரை மணி நேரம் போனா அழும். ரிலையபிளா ஆக்குறேன்னு எவ்ளோ செலவு பண்ணாலும் இது மாறாது, 100ல போகணும்னு ஆசை இருந்தா இங்கயே நிறுத்திக்கிட்டு கீழ புது வண்டி பத்திச் சொல்ற பகுதிக்குப் போயிடுங்க.

இக்னிஷன்ல, அதாவது ஸ்பார்க் குடுக்குற ஏற்பாட்டுல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா சண்டை அதிகமா நடக்குறது இங்கதான்.

பாயிண்ட்னா ரெண்டு சின்ன கான்டாக்ட், கேம் சுத்தும்போது பிரியும், பிரியிற நேரத்துல காயில் மூலமா பிளக்ல ஸ்பார்க் அடிக்கும். கேப் 0.35ல இருந்து 0.40 மிமீ. கேம்ல உரசுற அந்த ஃபைபர் குதிகால் தேயத் தேய கேப் குறையும், கேப் குறைஞ்சா டைமிங் (ஸ்பார்க் அடிக்கிற நேரம்) பின்னாடி போகும், டைமிங் பின்னாடி போனா இழுவை குறைஞ்சு எஞ்சின் சூடாகும். இதெல்லாம் ஒரே நாள்ல நடக்காது, வண்டியைத் தினம் ஓட்டுறவனுக்கு நல்லாவே தெரியும். திடீர்னு போறது கண்டன்சர்தான், பாயிண்ட்ல பொறி பறக்காம பார்த்துக்கிற சின்ன பார்ட். அது போச்சுன்னா பாயிண்ட்ல நீலமா பொறி பறக்கும், மிஸ்ஸிங் அடிக்கும், கான்டாக்ட் முகம் கருகி பள்ளம் விழும். இப்ப கடைல கிடைக்கிற கண்டன்சர்ல பாதி டப்பா சரக்கு, பழைய ஸ்டாக் ஒண்ணு கைல கிடைச்சா பூட்டி வச்சுக்கோங்க.

சிவாஜிநகர்ல ஒரு பெரியவர் டைமிங் வைக்கிறதைப் பார்த்திருக்கேன், மீட்டர் கிடையாது, லைட் கிடையாது. சிகரெட் பாக்கெட்ல இருந்து ஒரு மெல்லிசு பேப்பர் கிழிச்சு ரெண்டு கான்டாக்டுக்கும் நடுவுல சொருகினாரு, ஒரு கையால எஞ்சினை மெல்ல சுத்திக்கிட்டே இன்னொரு கையால பேப்பரை லேசா இழுத்துக்கிட்டே இருந்தாரு. பேப்பர் பிடியை விட்டு வழுக்கின எடத்துல நிறுத்தி, "இப்ப உட்டுச்சு பாரு தம்பி, இதான் எடம்" அப்படின்னு பிளேட்டை டைட் பண்ணிட்டாரு. ரெண்டாவது உதைல ஸ்டார்ட். ஹைவேல எந்த ஊர்லயும் இந்த வேலை தெரிஞ்ச ஒரு அண்ணன் இருப்பாரு, பாயிண்ட்டோட பலமே அதுதான்.

எலக்ட்ரானிக் கிட் போட்டா பாயிண்ட் இருக்கிற அதே வட்டத்துக்குள்ள ஒரு சென்சார் உக்காரும், தேய எதுவும் இல்ல, டைமிங் ஒரு தடவை வச்சா வச்சதுதான். காலைல குளிர்ல கிக் அடிக்கிறது சுலபமாகும், டாப் கியர்ல ஓட்டம் சீரா இருக்கும், தேய்மானத்தால டைமிங் நகர்ந்து எஞ்சின் சூடாகுற பிரச்சனையே இல்ல, கத்திரி வெயில் நெருங்குற நேரத்துல போறவங்களுக்கு இது பெரிய விஷயம். ஆனா போச்சுன்னா போச்சு. முன்னறிவிப்பு கிடையாது, நாமக்கல்ல எந்த மெக்கானிக்கும் அதைத் திறந்து பார்க்க மாட்டாரு, பேட்டரி வோல்டேஜ் இறங்குனாலும் மக்கர் பண்ணும். 6 வோல்ட் வண்டின்னா பெரும்பாலும் முதல்ல 12 வோல்ட்டுக்கு மாத்த வேண்டியிருக்கும்.

அதனால நான் சொன்னது ரெண்டும். கிட் போட்டுக்கோங்க, பழைய பாயிண்ட் பிளேட்டை கேப் வச்சு, நல்ல கண்டன்சரோட அப்படியே ஒரு டப்பால போட்டு டூல்ஸ் கூட வச்சுக்கோங்க. பாயிண்ட்ல டைமிங் சரியா இருக்கும்போதே பிளேட்லயும் ஹவுசிங்லயும் சேர்த்து ஒரு கோடு கீறி வச்சிட்டா, வழியில அந்தக் கோட்டுக்கு நேரா வச்சு டைட் பண்ணா வண்டி வீடு வந்து சேரும். கிட் போட்ட சந்தோஷத்துல பழசைத் தூக்கி காயிலாங்கடைல போடுற ஆளுங்கதான் அப்புறம் டெம்போ தேடுறாங்க.

அடுத்தது எஞ்சின் கீழ்ப்பகுதி. காசு அதிகம் கரையிற எடம், தப்பும் அதிகம் நடக்குற எடம்.

இந்த எஞ்சின்ல பிக் எண்ட்ல, அதாவது பிஸ்டனை கிராங்கோட இணைக்கிற கான்ராடோட கீழ்முனைல, ரோலர் (உருளை) பேரிங் கிடையாது, ஃப்ளோட்டிங் புஷ். கான்ராடுக்கும் கிராங்க் பின்னுக்கும் நடுவுல ஒரு புஷ் ஆயில்ல மிதந்துக்கிட்டு சுத்தும். சுத்தமான ஆயிலும் பிரஷரும் இருந்தா நிறைய நாள் உழைக்கும், ஆயில் கருப்பு தாரா கிடந்தா சீக்கிரம் தேயும். தேய்ஞ்சா கீழருந்து டொக் டொக்குனு கனமா ஒரு சத்தம், லோடு ஏத்தும்போது அதிகமாகும், அதுவும் ஒரேயடியா போகாது, மெதுவா ஓட்டிட்டு ஊர் வந்து சேர்ந்துடலாம். ரோலர் கிட் மாத்துனா ஹைவே வேகத்துல நல்லா தாங்கும், ஆயில் பிரஷர் கொஞ்சம் குறைஞ்சாலும் பொறுத்துக்கும், ஆனா உடைஞ்சா துண்டு துண்டா இரும்புத்தூள் எஞ்சின் முழுக்க சுத்தி வந்து பம்ப்பையும் சேர்த்துக் காலி பண்ணும். அதை விட முக்கியம், ரோலரோ புஷ்ஷோ எதை மாத்தணும்னாலும் கிராங்கைப் பிரிச்சு திரும்ப சேர்த்து சென்டர்ல வச்சு ட்ரூ பண்ணணும், சுத்தும்போது ஆட்டம் ரெண்டு தௌக்குள்ள (ஒரு தௌன்னா இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு) வரணும். அதைச் சுத்தியால தட்டித் தட்டி, டயல் கேஜ் பார்த்து சரி பண்ற கை எல்லா லேத்துலயும் இல்ல. கலாசிபாளையம் பக்கம் விசாரிச்சா பத்து பேர் செய்றேன்னு சொல்வாங்க, எத்தனை பேர்கிட்ட டயல் கேஜ் இருக்குன்னு உள்ள போய்ப் பாருங்க.

அதனால சத்தம் இல்லாத எஞ்சினைப் பிரிக்கவே பிரிக்காதீங்க. நாலு வருஷம் நின்ன வண்டின்னாலும் சரி. முதல்ல அடில இருக்கிற ரெண்டு டிரெயின் நட்டையும் கழட்டி பழைய ஆயிலை முழுசா இறக்குங்க, டைமிங் கவர் பக்கம் இருக்கிற துணி ஃபில்டரை மாத்துங்க, 20டபிள்யூ50 ஊத்துங்க. நிறைய நாள் நின்ன வண்டில பம்ப் வழியா ஆயில் கசிஞ்சு கிராங்க் பக்கம் தேங்கியிருக்கும், ஸ்டார்ட் பண்ணதும் புகை கக்கும், ப்ரீதர் வழியா ஆயில் துப்பும், அதைப் பார்த்து ரிங் போச்சு போர் பண்ணணும்னு சொல்ற மெக்கானிக்கை நம்பாதீங்க, அஞ்சு நிமிஷம் ஓட விட்டுட்டுப் பாருங்க. மேல வால்வை அமுக்குற ராக்கருக்குப் போற ஆயில் பைப் நட்டை லேசா லூஸ் பண்ணா ஆயில் வழியணும், வழிஞ்சா பம்ப் வேலை செய்யுது. டேப்பெட்டை, அதாவது வால்வு இடைவெளியை, குளிர்ந்த எஞ்சின்ல வைக்கணும், புஷ்ராடை விரலால சுத்துனா லேசா சுத்தணும், மேலயும் கீழயும் ஆடக் கூடாது.

நிஜமாவே டொக் சத்தம் இருந்தாலோ, ஆயில் எரிச்சாலோ மட்டும் பேரலைக் கழட்டுங்க. பேரல் வெளிய வந்ததும் கான்ராடைப் பிடிச்சு நேரா மேலயும் கீழயும் இழுத்துப் பாருங்க. பக்கவாட்டுல கொஞ்சம் ஆடும், அது பரவாயில்ல. மேல கீழ துளி ஆட்டம் தெரிஞ்சாலும் கிராங்க் வேலை இருக்கு. இல்லன்னா பிஸ்டன், ரிங், போரோட முடிச்சுக்கலாம். போர் 20, 40, 60 தௌன்னு மூணு சைஸ் வரைக்கும் பெருசாக்கலாம், ஏற்கெனவே 60ல இருக்கான்னு பிஸ்டன் தலைல எழுதியிருக்கும், அதைப் பார்க்காம காசு குடுக்காதீங்க. போர் பண்ண எஞ்சினை முதல் 500 கிமீ 50க்குள்ள ஓட்டணும், திருவிழாவுக்கு முந்தின வாரம் போர் பண்ணிட்டு மதுரை கிளம்புறேன்னு சொன்னா பாதி வழில பிஸ்டன் பிடிச்சுக்கும்.

கிராங்க் வேலை வந்தே ஆகும்னா ரோலர் போடுறதா புஷ் போடுறதா? நல்ல கை கிடைச்சா ரோலர், இல்லன்னா புஷ்.

பிரேக்ல நான் மாத்துற கட்சி. 84 வண்டியோட முன் பிரேக்கை நம்பி தொப்பூர் இறங்குறது சரியில்ல, கீழ கியர்ல எஞ்சின் பிரேக் போட்டு இறங்குனாலும், முன்னாடி போற லாரி திடீர்னு அமுக்குனா என்ன பண்றது. ஆனா டிஸ்க் போட முன் ஃபோர்க்ல இருந்து வீல் வரைக்கும் வேற வண்டிலருந்து எடுக்கணும், கம்பெனி குடுத்ததை மாத்துறதுக்கு மோட்டார் வாகனச் சட்டம் செக்‌ஷன் 52 வேற குறுக்க நிக்குது. நடுவுல ஒரு வழி இருக்கு: பின்னாடி வந்த புல்லட்கள்ல இருக்கிற 7 இன்ச் ட்வின் லீடிங் ஷூ டிரம், அதுல ரெண்டு ஷூவும் ஒரே மாதிரி நல்லா கடிக்கும். அந்த டிரம்முக்குப் புது லைனிங் போட்டு, ஷூ முழுசா டிரம்ல படியிற மாதிரி லேத்துல தேய்ச்சு வச்சா வித்தியாசம் முதல் சிக்னல்லயே தெரியும். அதுக்கும் மனசில்லன்னா இருக்கிறதுக்கே லைனிங் மாத்தி கேபிள் புதுசா போடுங்க, அதுவே பாதி வேலை. டயர் 3.25-19, ரப்பர்ல வெடிப்பு தெரிஞ்சா பட்டன் எவ்ளோ இருந்தாலும் மாத்திடுங்க.

வயரிங் சுலபமான முடிவு, பழைய ஹார்னஸை (வயர் கட்டை) தூக்கிட்டு புதுசு, யோசிக்கவே வேணாம். நாப்பது வருஷ வயர் உள்ள பச்சை பூத்துப் போயிருக்கும், டேப் சுத்தி எத்தனை தடவை ஓட்டுப் போட்டிருக்கோ தெரியாது. கூடவே 12 வோல்ட், புது ரெகுலேட்டர் ரெக்டிஃபையர், எல்இடி ஹெட்லைட், ஏன்னா அந்த ஆல்டர்னேட்டர் குடுக்குற கரண்ட்ல பெரிய ஹாலஜன் பல்பைப் போட்டா பேட்டரிக்கு ஒண்ணும் மிஞ்சாது. ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, பேட்டரி கரண்ட் ஹெட்லைட் மேல இருக்கிற அம்மீட்டர் (கரண்ட் காட்டுற மீட்டர்) வழியாத்தான் போய் வரும். அம்மீட்டர் உள்ள அறுந்தா ஹார்ன், லைட், ஸ்பார்க் எல்லாம் ஒண்ணா செத்துடும், நடு ரோட்டுல பாதிப் பேர் பேட்டரி போச்சுன்னு நினைச்சு தள்ளிக்கிட்டுப் போவாங்க. ஹெட்லைட் மேல கழட்டி அந்த ரெண்டு வயரையும் சேர்த்து முறுக்கி டேப் போட்டா வண்டி ஸ்டார்ட்.

பெட்ரோல் விஷயத்துல ஸ்டாக்கா விடுன்னு சொல்றவங்க கூட இப்ப மாத்தித்தான் ஆகணும். பங்க்ல இப்ப வர்றது பெரும்பாலும் ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் பைப் இதுல ஊறி மெத்துன்னு ஆகி உள்ள உரியும், அந்தத் துகள் நேரா கார்பரேட்டர் ஜெட்ல (பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டைல) போய் அடைக்கும். எத்தனால் தண்ணியை இழுக்கும், மாசக்கணக்குல நின்ன டேங்க்ல அடில துரு. டேங்கைக் கழுவி உள்ள துரு எடுத்து, எத்தனால் தாங்குற பைப் போட்டு, கார்பரேட்டர் வாஷர், நீடில் வால்வு மாத்தி, நடுவுல ஒரு சின்ன ஃபில்டர் சொருகிடுங்க. கலவை லீன் ஆகுறதால, அதாவது காத்து அதிகமாகி பெட்ரோல் குறையிறதால, எஞ்சின் சூடாகும், மெயின் ஜெட் ஒரு சைஸ் பெருசு போட்டுட்டு பிளக் நிறம் பாருங்க, வெள்ளையா இருந்தா இன்னும் வேணும், காபிப்பொடி கலர்ல இருந்தா விட்டுடலாம்.

எஞ்சினையே மாத்தி, பின்னாடி வந்த புல்லட் எஞ்சின்களான ஏவிஎல்லோ யூசிஇயோ போடலாம்னு ஒரு யோசனை சுத்துது. வேணாம். ஆர்சில எஞ்சின் நம்பர் மாத்த ஆர்டிஓ படி ஏறணும், வேலை முடிஞ்சு பார்த்தா கைல இருக்கிறது பழைய வண்டியும் இல்ல, புது வண்டியும் இல்ல.

இப்ப மூணாவது ஆளு சொன்னது. 2021ல வந்த கிளாசிக் 350 எஞ்சின் 349 சிசி, 20.2 குதிரை, அஞ்சு கியர், முன்னாடி டிஸ்க், மாடலைப் பொறுத்து பின்னாடியும் டிஸ்க், ஏபிஎஸ். காலைல பட்டனை அமுக்குனா ஸ்டார்ட், சாயங்காலம் மதுரைல இறங்கலாம், நடுவுல டூல்ஸ் பையைத் தொட வேண்டியதே இல்ல. பெங்களூர்ல ஆன்ரோடு ரெண்டு லட்சத்துக்கு மேல ஆகும். பழசுக்கு முழு எஞ்சின் வேலை, பிரேக், வயரிங், டேங்க், பெயிண்ட்னு எல்லாம் சேர்த்துச் செஞ்சாலும் அந்தத் தொகை வராது, ஆனா அடுத்த வருஷமும் கொஞ்சம் கேட்கும், அதுக்கடுத்த வருஷமும் கேட்கும். மாசம் ஒரு தடவை ஊருக்குப் போறவங்க, பொண்டாட்டி புள்ளையைப் பின்னாடி உக்கார வச்சுப் போறவங்க, லீவு ரெண்டே நாள் கிடைக்கிறவங்க, இவங்களுக்கு நான் யோசிக்காம புதுசுன்னு சொல்வேன். எங்க மாப்பிள்ளை தனியா போறாரு, வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரு நாள் லேட்டானா அழகர் கோவிச்சுக்கப் போறதில்ல. அவருக்கு அப்பா வண்டிதான்.

பேப்பர் வேலையை இதுக்கெல்லாம் முன்னாடி பாருங்க. 15 வருஷம் தாண்டுன வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்சி புதுப்பிக்கணும், அது முடிஞ்சிருந்தா எஞ்சின்ல ஒரு பைசா போடாதீங்க, முதல்ல ஆர்டிஓ. 50 வருஷம் தாண்டுன வண்டி வச்சிருக்கிறவங்க 2021ல வந்த வின்டேஜ் பதிவுக்கு ஆசைப்பட வேணாம், 20,000 ரூபாய் கட்டி அந்த நம்பர் பிளேட் வாங்குனா கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடுறது, சர்வீஸ், ஆராய்ச்சி இதுக்கு மட்டும்தான் ரோட்டுல எடுக்கலாம், ஊருக்குப் போக முடியாது. லாங் ரைடு போகணும்னா சாதா ஆர்சிதான் நல்லது.

செலவு வரிசைன்னு கேட்டா பிரேக், டயர், வயரிங், பெட்ரோல் லைன், இக்னிஷன், கடைசியாத்தான் எஞ்சின். நம்ம ஆளுங்க தலைகீழா எஞ்சின்லயும் குரோம்லயும் ஆரம்பிச்சு, காசு தீர்ந்து பழைய வயரோட கிளம்புவாங்க. கூட எடுத்துட்டுப் போக வேண்டியது பாயிண்ட் டப்பா, பிளக், ஒரு டியூப், டயர் லிவர், செயின் லாக், ஃபியூஸ், ரெண்டு மீட்டர் வயர், ஒரு லிட்டர் ஆயில். புது கிளட்ச் கேபிளைப் பழைய கேபிள் கூடவே சேர்த்து ஓட்டி ரெண்டு முனையையும் கட்டி வச்சிடுங்க, அறுந்தா நுனியை மாட்டுனா போதும், டேங்கைத் தூக்க வேண்டியதில்ல. பிரைமரி கவரை (கிளட்ச் பக்க மூடியை) நடுவுல ஒரே ஒரு பெரிய நட்டுதான் பிடிச்சிருக்கும், ஆயில் ஒழுகுதேன்னு அதைப் போட்டு முறுக்குனா கவர் வளைஞ்சு இன்னும் ஒழுகும், உள்ள இருக்கிற ரப்பரை மாத்துங்க.

எல்லாம் முடிஞ்சதும் நேரா மதுரைக்குக் கிளம்பாதீங்க. ஒரு ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு எடுத்து கிருஷ்ணகிரி வரைக்கும் 60ல போயிட்டு, அங்க வண்டியை ஆற விட்டு, ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனர் போட்டுப் பார்த்துட்டு திரும்பி வாங்க. போக 90, வர 90. வந்ததும் ஆயில் அளவு, செயின் டென்ஷன், டேப்பெட், ஸ்போக் பாருங்க. எது லூஸ் ஆச்சோ, எது ஒழுகுதோ, அதை மட்டும் சரி பண்ணிட்டு அடுத்த ஞாயிறு சேலம்.